நின்ற இடம்

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையிலிருந்தே அந்த அரங்கத்தில் செயலாளரைத் திட்டாத ஆள் இல்லை. பழகியவர்கள் முகத்துக்கு நேரே திட்டினார்கள். பழகாதவர்கள் ‘யாருங்க அந்தம்மா?’ என்று விசாரித்துக்கொண்டு வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

மரக்கடைசல்காரர்கள் சங்கத்துக்கு அவள் செயலாளரான பிறகு நடக்கும் முதல் பெரிய கண்காட்சி அது. அதற்கு முன்பெல்லாம் கண்காட்சி என்றால் யாராவது ஒருவருடைய பட்டறையில் நாலு மேஜையை இழுத்துப் போட்டு, ஆளுக்கு நாலு கிண்ணத்தை அடுக்கி, ஒருத்தர் கிண்ணத்தை இன்னொருத்தர் தட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, டீ குடித்துக் கலைவதுதான். இந்த முறை சங்கத்துக்கு ஆசை பெருத்துவிட்டது. பந்து விளையாடுகிற உள்ளரங்கத்தையே இரண்டு நாள் கண்காட்சிக்கு எடுத்துவிட்டார்கள். வெளியூர்க் கடைசல்காரர்கள், மரக்கடைக்காரர்கள், உளி விற்கிறவர்கள், மெருகெண்ணெய் விற்கிறவர்கள் என்று ஏகப்பட்ட பேர் வருகிறார்கள். நடுவில் மேடை. மேடையில் லேத்தைப் போட்டு, சனங்களின் கண்ணெதிரே கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைந்து காட்டப் போகிறார்கள். தீர்மானம் போடும்போது எல்லாக் கைகளும் மேலே போயின. வேலையைப் பிரிக்கும்போது எல்லாக் கைகளும் பைக்குள் போய்விட்டன. அவள் கை மட்டும் வெளியே நின்றது.

அவளும் கடைசல்காரிதான். இழுப்பறைக்குக் குமிழ், உளிக்குக் கைப்பிடி, பம்பரம், நாற்காலிக் கால் என்று சின்னச் சாமான்களில் அவள் கை சுத்தம் என்று பெயர். ஆனால் கொஞ்ச காலமாக அவள் லேத் பக்கம் போவது குறைந்துவிட்டது. அதனாலேயே இந்தப் பதவி அவளைத் தேடி வந்தது என்றும் சொல்லலாம்.

“என்னை ஏங்க மூலையில போட்டிருக்கீங்க?” என்று வந்து நின்றார் உளிக்கடைக்காரர் ஒருவர். “வாசல்ல கடை போட்டிருக்கறவன் எனக்குத் தம்பி மாதிரி. அவனுக்கு எதுக்கு வாசல்?”

“தம்பி மாதிரின்னா விட்டுக் குடுங்களேன்.”

“மாதிரிதாங்க. தம்பி இல்ல.”

அவரை அனுப்பினால் அரங்கத்து மேலாளர். அவருக்குச் சங்கத்தார் அதற்குள் ‘தரைக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கண் மனுஷர்களின் முகத்தைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. செருப்பைப் பார்த்துத்தான் பேசுவார்.

“இது பலகைத் தரைம்மா. பந்து விளையாடற தரை. ஒரு கீறல் விழுந்தாலும் நான் மேல பதில் சொல்லணும். அந்த மெஷினெல்லாம் என்ன கனம்? அதுக்குக் கீழ என்ன போடுவீங்க?”

“ஒட்டுப்பலகை போட்டிருக்கோம் சார். அதுக்கு மேல ரப்பர் விரிப்பு.”

“தூள்?”

“மரம் கடைஞ்சா தூள் வராம இருக்குமா சார்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். வராம இருக்குமா?”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இனி எல்லாரும் ஈரச் செருப்போடு வருவார்கள் என்ற நினைப்பே தரைக்காரரை நோயாளியாக்கியது. மூலைக்கு மூலை சாக்கை விரித்துக்கொண்டு போனார்.

மின்சார வேலைக்காரர் அவளை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழ்கள். பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பெரிய கைப்பிடி.

“சின்னதெல்லாம் தனித்தனி. இது மேடைக்கு, இது கடைங்களுக்கு, இது லைட்டுக்கு. இந்தச் சிவப்பு மொத்தத்துக்கும். எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல ஓட்டினாங்கன்னா தானா விழுந்துரும். விழுந்தா பயப்படாம நீங்களே தூக்கி விடுங்க. என்னைக் கூப்பிடாதீங்க, எனக்கு நாளைக்கு வேற எடத்துல வேலை.”

அடுத்தது வலை. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிறுத்தக் கம்பிவலைத் தட்டி வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பந்தல்காரர் வண்டியிலிருந்து இறக்கி வைத்தது இறகுப்பந்து விளையாடுகிற நூல்வலை.

“வலைன்னுதானே சொன்னீங்க?” என்றார் அவர். “உள்ளரங்கம்னாங்க, வலைன்னாங்க. நான் வேற என்னத்தைக் கொண்டாறது?”

அவள் கைக்குட்டையால் வாயின் வலது ஓரத்தை ஒற்றிக்கொண்டாள். டீ குடித்து வெகுநேரம் ஆகியிருந்தாலும் அவளுக்கு அது வழக்கம். அந்தப் பக்கம் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. டீ வழிந்தாலும் தெரியாது, சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது. கன்ன எலும்பு நொறுங்கி, உள்ளே தகடு வைத்து மூடியிருந்தது. குளிர் காலத்திலும் மழையிலும் அந்தத் தகடு தன் இருப்பை நினைவூட்டும்.

அன்றைக்கும் நினைவூட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவள் கணவனுக்குத் தொழிலில் ‘ஆனை’ என்று பெயர். உருவத்தில் ஒடிசலான ஆள்தான். எதைக் கடைந்தாலும் பெரிசாகக் கடைவான் என்பதால் அந்தப் பெயர். இடுப்புயர ஜாடி, ஆள் உட்காருகிற கிண்ணம், தூண். சுவரொட்டியில் அவன் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். அதற்கும் சங்கத்தில் பேச்சு எழுந்தது. புருஷனுக்கு மேடையைக் கொடுத்துவிட்டாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், பிறகு முகத்துக்கு நேரேயும் பேசினார்கள். உண்மையில் அவனை மேடையில் ஏற்றியது சங்கத் தலைவர். செயலாளர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேறு மாதிரிதான் பேசியிருப்பாள்.

சாயங்காலம் அவன் கட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். சாலையோரம் சாய்ந்த மரத்தின் அடிப்பகுதி. இரண்டு கையாலும் அணைத்தால் விரலோடு விரல் தொடாத சுற்றளவு. ஈரம் காயாத மரம், பட்டை உரித்த இடத்தில் பச்சை வாசனை அடித்தது. கூடியிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவளும் வந்து பார்த்தாள். வெட்டுமுகத்தில், நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஓடிய ஒரு கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள்.

“இதுல வெடிப்பு இருக்கு.”

“வெடிப்பு இல்ல. ரேகை.”

“நகம் உள்ள போகுது.”

“மனுஷன் கையில ரேகை இல்ல? அது மாதிரி மரத்துக்கும் இருக்கும்.”

“கையில இருக்கற ரேகைக்குள்ள நகம் போகாது.”

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் மாறியது. அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் வாழ்நாள் பூராவும் மரப்பேனா மட்டுமே கடைந்தவர். விரல் தடிமனுக்கு மேல் எந்த மரத்தையும் லேத்தில் ஏற்றியதில்லை. ஆகவே பெரிய மரங்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் நிறைய இருந்தது.

“ஆனை கையில வெடிப்பாவது ஒண்ணாவது” என்றார். “அம்மா, சுவரொட்டி பூரா இவர் படந்தான். கூட்டம் இவரைப் பாக்கத்தான் வருது. நீங்க வீட்டுச் சண்டையை இங்க கொண்டாராதீங்க.”

“வீட்டுச் சண்டை இல்ல தலைவரே. கம்பிவலை வரல. மெஷினை மேடையில குறுக்க போட்டிருக்கீங்க. கட்டை பிச்சுக்கிட்டா நேரா கூட்டத்துக்குள்ள போகும். திருப்பியாவது போடுங்க.”

“திருப்பிப் போட்டா சனங்களுக்கு அவர் மூஞ்சி தெரியாதே.”

“மூஞ்சி தெரியலன்னா பரவாயில்ல. சனங்களுக்கு மூஞ்சி இருக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் எந்த முகத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அது அவர்கள் பட்டறையில் நடந்தது. அவன் ஒரு ஜாடிக்குக் கட்டையை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். சாப்பாடு ஆறிப் போகிறது என்று சொல்ல அவள் உள்ளே போனாள். அவள் கூப்பிட்டது காதில் விழாததால் பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் கட்டையிலும் ஒரு கோடு இருந்தது. ஒரு சத்தம் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அப்புறம் நினைவிருப்பது தரையில் கிடந்த மரச்சீவல் வாசனையும், மேலேயிருந்து கேட்ட அவன் குரலும்தான். “அங்க எதுக்கு நின்னே?” என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னான். பார்க்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னான். ‘நின்ன எடம் தப்பு.’ பணிவிடையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கஞ்சியை ஊட்டினான், தலை வாரிவிட்டான், ராத்திரி பகல் பாராமல் பக்கத்தில் கிடந்தான். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

வீட்டுக்குப் போனதும் நாத்தனார் சோறும் முட்டைப் பொரியலும் எடுத்து வைத்தாள். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். கண்காட்சியில் டீக்கடை அவள் பொறுப்பு.

“அண்ணி, ஊரே அண்ணனைத் தூக்கி வெச்சு ஆடுது. நீங்க மட்டும் ஏன் கால வாருறீங்க?”

“நான் யார் காலையும் வாரல.”

“எல்லார் முன்னாடியும் வெடிப்பு வெடிப்புன்னு...”

“வெடிப்புன்னா வெடிப்புன்னுதான் சொல்லணும்.”

அவன் தட்டைப் பார்த்தபடியே பேசினான். “கூண்டு வேணுமாம். மூஞ்சிக்குக் கவசம் வேணுமாம். ஆனைன்னு பேரு வெச்சதுக்காகக் கூண்டுல போட்டுக் காட்டப் பாக்கறா.”

“வேற கட்டை எடுத்துக்குங்க. வீட்டுல காய்ஞ்ச கட்டை நல்லதா நாலு கெடக்கு.”

“அதெல்லாம் சின்னது.”

“சின்னதா இருந்தா என்னவாம்?”

“சின்னது கடையறதுக்கு இந்த வீட்டுல வேற ஆளு இருக்கு.”

அவள் இடது பக்கமாக மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். நாத்தனாருக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டதோ என்னவோ, எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். 

மறுநாளும் மழை. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. குடைகளை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. குடைகளெல்லாம் தரையில் நீர் சொட்டின. தரைக்காரர் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனார். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். மெருகெண்ணெய் நெடியும் மரத்தூளும் ஈரத்துணி வாசனையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. காலையிலேயே இரண்டு தடவை மின்சாரம் விழுந்து அவள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். ஒரு கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டதால் கைகலப்பு வரைக்கும் போனது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் அவள் தோளைத் தட்டிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மத்தியானம் ஆனையின் நேரம். மேடைக்கு முன்னால் நாற்காலிகள் நிரம்பி, நாற்காலிக்கும் மேடைக்கும் நடுவே இருந்த தரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைகிற கட்டைக்கு நேர் எதிரே. நூல்வலை ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

அவள் பிள்ளைகளைக் கூட்டி வந்த டீச்சரிடம் போனாள். “டீச்சர், பசங்களைக் கொஞ்சம் ஓரமா உக்கார வையுங்களேன். இது நல்ல எடம் இல்ல.”

“காலையிலேர்ந்து எடம் பிடிச்சு உக்காந்திருக்காங்க. இப்ப எழுப்பினா பின்னாடி இருக்கறவங்க வந்து உக்காந்துக்குவாங்க. உங்க ஆளுங்களுக்குன்னு ஒதுக்கப் பாக்கறீங்களா?”

“இல்ல டீச்சர். கட்டை சுத்தும்போது பிச்சுக்கிட்டா சக்கரத்துலேர்ந்து சேறு தெறிக்குமே, அது மாதிரி இந்தப் பக்கம்தான் வரும்.”

“அவ்வளவு ஆபத்துன்னா எதுக்கு வெக்கறீங்க?”

அவள் மேடை ஏறினாள். அவன் கட்டையை லேத்தில் முடுக்கிக்கொண்டிருந்தான். முகக்கவசம் லேத்தின் தலையில் தொப்பி மாதிரி மாட்டப்பட்டிருந்தது.

“மெதுவா ஓட்டுங்க. கேட்டுக்கறேன்.”

“எறங்கு.”

“பசங்க உக்காந்திருக்காங்க. பாத்தீங்களா?”

“எறங்குங்கறேன்ல. சனம் பாக்குது.”

அவள் இறங்கி மேடைக்குப் பின்பக்கம் போய் நின்றாள். லேத் ஓட ஆரம்பித்தது. சமனில்லாத கட்டை, மேடையையே உலுக்கியது. ஒட்டுப்பலகை கடகடத்தது. அவன் உளியை வைத்தான். பட்டையும் ஈரச்சீவலும் நீள நீளமாகச் சுருண்டு பறந்து பிள்ளைகளின் தலையில் விழுந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். கூட்டம் கை தட்டியது. அவன் கையைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. அந்த ராட்சசக் கட்டை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டைக்கு வந்து நடுக்கம் அடங்கியது. கை தட்டலைக் கேட்டு அவன் வேகத்தைக் கூட்டினான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. உளிச் சத்தத்துக்கு அடியில், சுற்றுக்கு ஒரு தடவை, பல்லால் நகத்தைக் கடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தலைவர் காதில் அது விழவில்லை. கூட்டத்துக்கும் விழவில்லை. அவள் அவன் முதுகைப் பார்த்தாள். தோள்பட்டை இறுகியது. அவனுக்கும் கேட்டுவிட்டது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

அவள் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். மேடைக்கு எந்தக் குமிழ் என்று அந்த நேரத்தில் அவளுக்குச் சத்தியமாக நினைவில்லை. சிவப்புக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

அரங்கம் இருண்டது. மேடை லேத்தோடு மற்ற கடைகளின் லேத்துகளும், விளக்குகளும், மின்விசிறிகளும், நாத்தனாரின் டீக்கொதிகலனும் ஒன்றாக நின்றன. கட்டை மட்டும் பழைய வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றி, தேய்ந்து, ஓய்ந்தது. அப்புறம் சீழ்க்கை.

“கரண்ட் போச்சு, ஒண்ணுமில்ல, இப்ப வந்துரும்!” என்று தலைவர் கத்தினார்.

“போகல” என்றாள் அவள். “நான்தான் நிறுத்தினேன்.”

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கதையே வேறு மாதிரி போயிருக்கும். மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டுக் கட்டையை மாற்றியிருக்கலாம். அது அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

அவன் உளியை லேத்தின் மேல் வைத்துவிட்டு வந்தான். “போடு.”

“மாட்டேன்.”

“போடுடி!”

“அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“உங்க முதுகைப் பாத்தேன். கேட்டுச்சு.”

கூட்டத்தில் யாரோ, “அங்க என்னய்யா, புருஷன் பொண்டாட்டி நாடகமா?” என்று கேட்க, அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனை அடித்த மாதிரி இருந்தது. அவன் திருகாணிகளைக் கழற்றிக் கட்டையை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்து, கூட்டத்துக்கு நடுவே தள்ளிக்கொண்டு மழையில் வெளியே போனான். நாத்தனார் கொதிகலனை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“பாவி! எங்கண்ணன் மானத்தை வாங்கிட்டியே!” அண்ணி என்கிற வார்த்தை காணாமல் போயிருந்தது. “இதுக்குத்தான் அந்தப் பதவியைப் பிடிச்சியா?”

அவள் கைப்பிடியைத் தூக்கிவிட்டாள். விளக்கு வந்தது. வெளிச்சத்தில் எல்லார் முகமும் இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த லேத் திடீரென்று நின்றதில் ஒருவருக்கு உளி சிக்கிக் கிண்ணம் பாழானது. இன்னொருவர் கலவை இயந்திரத்தில் மெருகுப்பசை கட்டிவிட்டது. வெளியூரிலிருந்து ஆனையைப் பார்க்கவே வந்த ஒரு கிழவர், “இதுக்குத்தான் இவ்வளவு தூரம் மழையில வந்தேனா?” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மாலையில் கடைகளைச் சாத்தும்போது தலைவர் நாலு பேரோடு வந்தார்.

“நாளைக்கு முடிஞ்சதும் நீங்க பதவியை விட்டுரணும். எல்லாருடைய அபிப்பிராயமும் அதுதான்.”

அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். “நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே வாங்கிக்குங்க. காலையில சீக்கிரம் வந்து திறக்கணும். தரைக்காரர் வந்து நிப்பார். தண்ணி லாரிக்குச் சொல்லணும். பிளக் சண்டைக்காரங்க ரெண்டு பேரையும் வேற வேற பக்கம் மாத்தணும்.”

தலைவர் சாவியைப் பார்த்தார். கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

“நாளைக்கு முடியட்டும்னுதான் சொன்னேன்” என்றார்.

இரவு அவன் பட்டறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டை நாத்தனார் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் அவள் குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, பட்டறைக்குள் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. சமனில்லாத கட்டையின் சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது. நாத்தனார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

“அண்ணா! கதவைத் திறண்ணா!”

உளி ஏறியது. கட்டை உறுமியது. அந்தச் சின்னச் சத்தமும் கேட்டது. இப்போது அது அவ்வளவு சின்னதாக இல்லை. நாத்தனாருக்கே அது கேட்டது. முகம் வெளுத்துத் திரும்பினாள்.

“அண்ணி, மெயினை நிறுத்துங்க.”

“நீயே நிறுத்து. வாசல்ல பெட்டி இருக்கு.”

“நான் நிறுத்தினா அண்ணன் என்னைக் கொன்னுபோட்டுரும். நீங்க நிறுத்துங்க அண்ணி, உங்க கால்ல விழறேன். நேத்து நிறுத்தினீங்கல்ல?”

அவள் மின்பெட்டியண்டை போனாள். கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

“நேத்து எதிர்ல பசங்க உக்காந்திருந்தாங்க” என்றாள். “இன்னிக்கு யாரும் இல்ல. அவர் மரம், அவர் மெஷின், அவர் உசுரு. வெளையாடட்டும்.”

“நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆனால் எந்த நிறுத்தத்தில் ஏறினாள், சீட்டு வாங்கினாளா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. பஸ் எஞ்சினின் உறுமலுக்கு அடியில் அந்தச் சத்தத்தையே தேடிக்கொண்டு போனாள். இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிட எழுந்தாள். இரண்டு தடவையும் உட்கார்ந்தாள்.

அரங்கத்து வாசலில் தரைக்காரர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் வராத புகாரோடு இருவர். அவருக்குப் பக்கத்தில் பிளக் சண்டைக்காரர்கள், இப்போது சமாதானமாகி, அவளை எதிர்க்க ஒன்று சேர்ந்து நின்றார்கள். கதவைத் திறந்தாள். வேலை அவளை இழுத்துக்கொண்டது. யாராவது வாசலில் ஓடி வந்தால் மட்டும் அவள் கை இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அந்த நாளில் பார்வையாளர்களின் போட்டி இருந்தது. யார் வேண்டுமானாலும் தாங்கள் கடைந்ததைக் கொண்டுவந்து பதிவு மேஜையில் கொடுக்கலாம். அவள் அட்டையில் மரம் என்ன, கடைந்தவர் யார் என்று எழுதிப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கக் கொடுப்பாள். வரிசை நீண்டிருந்தது. நாத்தனார்தான் முதலில் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, மூச்சு வாங்கி, வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி... ஒண்ணும் ஆகல. உசுரோட இருக்கு. பாதிக் கட்டை பிச்சுக்கிட்டுப் போச்சு. செவுத்துல காரை பேந்து, செங்கல் தெரியுது அண்ணி. செங்கல் தெரியுது.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்தாள். “டீத்தண்ணி கொதிக்குதான்னு போய்ப் பாரு” என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் அவனும் வந்தான். வரிசையில்தான் வந்தான். முன்னால் நின்றவர்கள் வழி விட்டும் அவன் முறைக்காக நின்றான். கையில் ஒரு கிண்ணம். அவ்வளவு பெரிய கட்டையில் மிஞ்சியது அவ்வளவுதான். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனை சின்னக் கிண்ணத்தோடு வந்திருப்பதைப் பார்த்து யாரோ கிசுகிசுத்தார்கள். தலைவரும் வந்து நின்றார்.

அவன் கிண்ணத்தை மேஜையில் வைத்தான். நெற்றியில் பிளாஸ்திரி. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

“மரம் என்ன?” என்று எல்லாரையும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

“செவுத்துல பட்டுச்சு” என்றான். “அதே பக்கந்தான். அன்னிக்கு நீ நின்னியே, அங்க.”

“அப்ப செவுரு நின்ன எடமும் தப்பா?”

பின்னால் வரிசை நகரச் சொல்லி முணுமுணுத்தது. தலைவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“வெடிப்பு மரம்னு எழுது” என்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். பிறகு, “அன்னிக்கு ஜாடிக்கு ஏத்தினதும் வெடிப்பு மரந்தான். தெரிஞ்சேதான் ஏத்தினேன்” என்றான்.

அவள் எழுதினாள். மரத்தின் பெயர் எழுதுகிற இடத்தில் ‘வெடிப்பு மரம்’ என்று எழுதினாள். கடைந்தவர் இடத்தில் அவன் பட்டப்பெயரை எழுதாமல் முழுப்பெயரையும் எழுதினாள். மை காய ஊதினாள். அட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

“எங்க வெக்கறது?”

அவள் திரும்பிப் பார்க்காமலே பேனாவால் காட்டினாள். கழிப்பறை வாசலை ஒட்டி, போகிறவர்களும் வருகிறவர்களும் இடித்துக்கொண்டு போகிற இடத்தில் ஒரு மேஜை காலியாகக் கிடந்தது. அவன் கிண்ணத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அங்கே போனான். கிண்ணத்தை வைத்து, அட்டையைச் சரியாக நிறுத்தி, சாயங்காலம் சாத்துகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றான்.

வேறு மேஜை காலி இல்லை. இருந்திருந்தாலும் அவள் அதைத்தான் காட்டியிருப்பாள்.